கான்சு மலை ஓட்டம், 2021: குளிரில் 21 பேர் இறந்த நிகழ்வு

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம் ஒன்றில் 172 பேர் புறப்பட்டார்கள். மறுநாள் காலைக்குள் அவர்களில் 21 பேர் இறந்துவிட்டது உறுதியானது. உடல் வெப்பம் இறங்கியதே காரணம். அது மே மாதம். பனிமலை கிடையாது, உயரமும் இமயமலை உயரம் இல்லை. இறந்தவர்களில் நாட்டின் முதல்தர நெடுந்தூர ஓட்டக்காரர்களும் இருந்தார்கள்.

மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரும், அதை நடத்தும் ஒவ்வொருவரும் இந்த நாளை மணிவாரியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "இயற்கைச் சீற்றம், யார் என்ன செய்ய முடியும்" என்று சொல்லிக் கடந்துபோகக்கூடிய நிகழ்வு அல்ல இது. வானிலை ஒரு காரணம். ஆனால் அது வந்து விழுந்த இடமும் அப்போது ஓட்டக்காரர்களின் முதுகுப் பையில் இருந்தவையும் மனிதர்கள் முன்கூட்டியே எடுத்த முடிவுகள். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

போட்டியும் நிலமும்

பையின் (Baiyin) என்ற நகரின் நிர்வாகத்துக்கு உட்பட்ட ஜிங்தாய் மாவட்டத்தில், மஞ்சள் ஆற்றின் கரையில், 'கற்காடு' என்று அழைக்கப்படும் சுற்றுலாப் பகுதி இருக்கிறது. காற்றும் நீரும் அரித்த மஞ்சள் பாறைத் தூண்களும் ஆழமான ஓடைப் பள்ளங்களும் நிறைந்த வறண்ட பூமி. மேலே ஏறினால் மொட்டை மலை. ஒதுங்க மரம் கிடையாது. கல்லும் மணலும் கலந்த சரிவுகள்தான்.

2018 முதல் நடந்துவந்த போட்டிக்கு இது நான்காவது ஆண்டு. 100 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடிப்பவர் எல்லோருக்கும் 1600 யுவான், முதலில் வருபவருக்கு 15,000 யுவான். நெடுந்தூர ஓட்டக்காரர்களிடையே இது எளிதான பந்தயம் என்று பெயர் எடுத்திருந்தது. முந்தைய ஆண்டுகளில் வந்தவர்களின் நினைவில் இருந்தது வெயில்தான். அதனால் எல்லோரும் தொப்பி, தண்ணீர், வெயில் காக்கும் களிம்பு என்று தயாரானார்கள். நம் ஊர் ஓட்டக்காரர்களுக்கும் இந்த மனநிலை பழக்கமானதுதான். சமவெளியின் வெயிலில் பயிற்சி எடுத்தவருக்கு ஆபத்து என்றாலே தாகமும் மயக்கமும்தான் முதலில் மனதில் வரும்.

பாதையில் ஒரு துண்டு மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. இரண்டாவது செக்பாயிண்டிலிருந்து (ஓட்டக்காரர்களைப் பதிவு செய்யும் இடைநிலை நிறுத்தம்) மூன்றாவது செக்பாயிண்ட் வரை சுமார் 8 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1000 மீட்டர் ஏற்றம். உச்சி 2000 மீட்டருக்கு மேல். வண்டி போக வழியில்லாததால் மூன்றாவது செக்பாயிண்டில் உணவு இல்லை, சுடுதண்ணீர் இல்லை. அவ்வளவு ஏறி அங்கே போய்ச் சேர்ந்தாலும் போட்டியிலிருந்து விலகி வண்டியில் இறங்க முடியாது. வந்த வழியே திரும்ப வேண்டும், இல்லையென்றால் முன்னே போக வேண்டும்.

போட்டியின் வரைபடத்தில் அது மற்ற செக்பாயிண்டுகளைப் போல ஒரு புள்ளிதான். வரைபடத்தைப் பார்த்தவர் அதையும் ஒரு புகலிடம் என்றே எண்ணியிருப்பார்.

புறப்படும் முன் எடுத்த முடிவுகள்

கட்டாயப் பொருள் பட்டியலில் ஜிபிஎஸ் கருவி, கைபேசி, விசில், தலைவிளக்கு, மெல்லிய அலுமினியத் தாள் போர்வை ஆகியவை இருந்தன. காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் அதில் இல்லை. அது பரிந்துரைப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஐரோப்பாவின் பெரிய மலை ஓட்டமான யுடிஎம்பி-யில் தலைமூடி வைத்த, மழை புகாத ஜாக்கெட் இல்லாமல் யாரும் புறப்பட முடியாது. அந்த ஜாக்கெட்டின் துணி எவ்வளவு நீரழுத்தம் தாங்க வேண்டும் என்பதுவரை அங்கே விதி இருக்கிறது.

கான்சுவில் பலர் ஜாக்கெட்டைக் கொண்டுவரத்தான் செய்தார்கள். ஆனால் அதை டிராப் பேக்கில், அதாவது பாதையின் நடுவில் எடுத்துக்கொள்ள முன்கூட்டியே ஒப்படைக்கும் பையில், போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பைகள் காத்திருந்த இடம் ஆறாவது செக்பாயிண்ட், ஏறக்குறைய 62-ஆவது கிலோமீட்டர். அவர்கள் போட்ட கணக்கு புரிகிறது. காலையில் புறப்பட்டால் இருட்டும் நேரத்தில் அங்கே போய்ச் சேருவோம், குளிர் அப்போதுதானே வரும், அதுவரை எதற்குச் சுமக்க வேண்டும்? குளிர் இரவில்தான் வரும் என்ற அனுமானத்தின்மேல் நின்ற கணக்கு அது. மலையில் குளிரைக் கொண்டுவருவது இரவு மட்டும் இல்லை. உயரமும் காற்றும் ஈரமும் நடுப்பகலிலேயே கொண்டுவந்துவிடும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. வானிலை மாறாமல் இருந்தாலே அப்படி.

முந்தைய நாள் இரவே பலத்த காற்றுக்கான நீல எச்சரிக்கை வெளியாகியிருந்தது. சீனாவின் நான்கு நிலை எச்சரிக்கைகளில் நீலம் மிகக் கீழானது. அடுத்த 24 மணி நேரத்தில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசலாம் என்று அதற்குப் பொருள். ஊருக்குள் இருப்பவருக்கு அது ஜன்னலைச் சாத்திவைக்கச் சொல்லும் செய்திதான். மொட்டை மலை முகட்டில் அரைக்கால் சட்டையோடு நிற்கப்போகிறவருக்கு அதன் பொருள் வேறு. நடத்தியவர்கள் அந்த எச்சரிக்கையை வைத்துப் பாதையையோ பொருள் பட்டியலையோ மாற்றவில்லை.

இந்த ஓர் இரவில் ஒரே ஒரு மாற்றம் போதுமானதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். "ஜாக்கெட்டைக் கையோடு எடுத்துச் செல்லாதவர் புறப்பட முடியாது" என்று அப்போதே அறிவித்திருக்கலாம்.

காலை 9 மணி முதல்

புறப்படும் இடத்திலேயே காற்று பலமாக இருந்தது, தொப்பிகள் பறந்தன. குளிரைப் போக்க அங்கேயே சிறிது ஓடி உடலைச் சூடாக்கிக்கொண்டார்கள். 9 மணிக்கு ஓட்டம் தொடங்கியது. முதல் இருபது கிலோமீட்டரை முன்னணி ஓட்டக்காரர்கள் வேகமாகவே கடந்தார்கள். இரண்டாவது செக்பாயிண்டை நெருங்கும்போது மழை வந்தது. மேலே ஏறத் தொடங்கியபோது அதுவே ஆலங்கட்டியும் உறைமழையுமாக மாறியது. எதிர்க்காற்றில் ஆலங்கட்டி முகத்தில் அடித்துக் கண்ணைத் திறக்க முடியவில்லை என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். நிற்க முடியாமல் திரும்பத் திரும்பக் கீழே விழுந்திருக்கிறார்கள்.

முன்னணியில் ஓடியவர்களுக்கு இங்கே அவர்களின் வேகமே எதிரியாகிவிட்டது. வானிலை முற்றிலும் கெடுவதற்குள் அவர்கள் சரிவின் மேற்பகுதிக்குப் போயிருந்தார்கள். பின்னால் வந்தவர்களுக்குச் சரிவின் அடியிலேயே நிலைமை தெரிந்தது. திரும்புவதற்கு இடமும் இருந்தது. இறந்தவர்களில் ஒருவர் சீனாவின் மிகச் சிறந்த அல்ட்ரா (மாரத்தானைவிட நீண்ட தூர) ஓட்டக்காரர்களில் ஒருவர், இந்தப் பந்தயத்தையே முன்பு வென்றவர். இன்னொருவர் காது கேளாத, வாய் பேச முடியாத ஓட்டக்காரர்; தேசிய அளவிலான மாற்றுத்திறனாளிகள் போட்டியில் மாரத்தான் வென்றவர். அந்தச் சரிவில் குரல் எழுப்பி உதவி கேட்க அவரால் முடிந்திருக்காது. அவருக்கென்று தனி ஏற்பாடு எதுவும் இருந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. அது என்னை மிகவும் வருத்துகிறது.

உடலுக்குள் நடந்தது

கடுமையாக ஓடும்போது உடல் ஓய்வில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். அரைக்கால் சட்டையோடு குளிரில் ஓட முடிவது அதனால்தான். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில், எதிர்க்காற்றில், வழுக்கும் கற்களில் ஓட முடியாது. வேகம் குறையும், உள்ளே உண்டாகும் வெப்பமும் குறையும். அதே நேரத்தில் வெளியே போகும் வெப்பம் கூடுகிறது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் 5 டிகிரி வெப்பநிலை, உலர்ந்த தோலுக்கே மைனஸ் 2 டிகிரி போலிருக்கும். நனைந்த உடலுக்கு அதைவிட மோசம். நெடுந்தூர ஓட்டக்காரர்களின் உடலில் கொழுப்பும் குறைவு. அவர்களைப் பந்தயத்தில் முன்னே கொண்டுசெல்லும் அதே மெலிவு இங்கே அவர்களைக் காக்கவில்லை.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. முதலில் கடும் நடுக்கம் வரும். விரல்கள் சொல்பேச்சு கேட்காது. பையின் ஜிப்பைத் திறக்க முடியாது, சத்து ஜெல் பாக்கெட்டைக் கிழிக்க முடியாது. பேச்சு குழறும், கால் தடுமாறும். ஏறக்குறைய 32 டிகிரிக்குக் கீழே நடுக்கம் நின்றுவிடும். "இப்போது பரவாயில்லை" என்று தோன்றும் அந்த நேரம்தான் மிகவும் ஆபத்தானது. சிந்தனை மங்கும், சிலர் சூடாக இருப்பதாக உணர்ந்து உடைகளைக் களையவும் செய்வார்கள். முடிவெடுக்கும் திறனே முதலில் பழுதாவதால், "மோசமானால் திரும்பிவிடலாம்" என்ற திட்டம் மலைக் குளிரில் உதவாது. மோசமான பிறகு திரும்புவதைப் பற்றி யோசிக்கவேண்டிய மூளை அப்போது சரியாக இயங்காது.

கட்டாயப் பட்டியலில் இருந்த அலுமினியத் தாள் போர்வை அந்தக் காற்றில் பயன்படவில்லை. உடலைச் சுற்றிப் போர்த்திய சில நொடிகளில் கிழிந்து பறந்தது. அந்தத் தாள் முக்கியமாக உடலிலிருந்து கதிர்வீச்சாகப் போகும் வெப்பத்தைத் தடுக்கும். பலத்த காற்றில் அது கிழியாமல் உடலோடு நிற்பது கடினம். அதன்மேல் ஒரு ஜாக்கெட் இருந்தால் அது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

முன்னணியில் ஓடிய ஒருவர் பலமுறை விழுந்து, எழ முடியாத நிலையில், நினைவு தப்பும் முன் ஜிபிஎஸ் கருவியின் அவசரப் பொத்தானை அழுத்தினார். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அங்கேயே கிடந்தார். பொத்தான் வேலை செய்தது. ஆனால் செய்தி போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து அவரிடம் விரைவாக வந்து சேரக்கூடியவர்கள் அந்தச் சரிவில் யாரும் நிறுத்தப்பட்டிருக்கவில்லை.

திரும்பியவர்

அன்று பின்வாங்கிய ஓட்டக்காரர் ஒருவரின் விவரிப்பு, இந்த நிகழ்விலிருந்து ஓட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் மிக முக்கியமான பகுதி என்று கருதுகிறேன். இரண்டாவது செக்பாயிண்டைத் தாண்டி ஏறத் தொடங்கியிருந்தார். உடல் முழுக்க நனைந்திருந்தது. விரல்களில் உணர்வு போய்விட்டதைக் கவனித்து, ஒரு விரலை வாயில் வைத்துச் சூடாக்கப் பார்த்தார். வெகுநேரம் வைத்தும் விரலுக்கு உணர்வு வரவில்லை. நாக்கும் குளிர்ந்துபோனதாகத் தோன்றியது. அங்கேயே போட்டியை விட்டுத் திரும்பிவிட முடிவு செய்தார்.

கீழே இறங்கியவர் வழியில் ஒரு சிறிய மரக் குடிசையில் ஒதுங்கினார். அங்கே ஏற்கெனவே சிலர் இருந்தார்கள். நேரம் ஆக ஆகத் திரும்பி வந்தவர்களின் கூட்டம் பெருகி ஏறக்குறைய ஐம்பதானது. மேலே பலர் விழுந்து கிடக்கிறார்கள் என்ற செய்தியைத் தாமதமாக வந்தவர்கள் கொண்டுவந்தார்கள்.

அவருக்கு மற்றவர்களைவிட அதிகத் தகவல் கிடைத்திருக்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தன் உடலில் தெரிந்த ஒரே அடையாளத்தை முழுமையாக நம்பினார், அவ்வளவுதான். அதோடு, திரும்பி இறங்கக்கூடிய தூரத்தில் இருக்கும்போதே நம்பினார். அதே அடையாளம் இன்னும் மூன்று கிலோமீட்டர் மேலே தெரிந்திருந்தால் அது அவரைக் காத்திருக்குமா என்பது சந்தேகம்.

மேய்ப்பர்

அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர், மழை வந்ததும் தன் குகைவீட்டில் ஒதுங்கியிருந்தார். மண்ணில் குடைந்த அந்தச் சிறிய இடத்தில், திடீர் மழைக்கென்று விறகும் போர்வையும் உடைகளும் உணவும் வைத்திருப்பது அவர் வழக்கம். வெளியே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். நிற்க முடியாமல் தவித்த ஓட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக உள்ளே கொண்டுவந்தார். நெருப்பு மூட்டினார். நனைந்த உடைகளைக் கழற்றி உலர்த்த வைத்து, போர்வைகளைச் சுற்றிவிட்டார். மூன்று ஆண்களும் மூன்று பெண்களுமாக ஆறு பேர் பிழைத்தார்கள். அவசரப் பொத்தானை அழுத்திவிட்டு நினைவிழந்து கிடந்தவரும் அவர்களில் ஒருவர்.

போட்டியை நடத்தியவர்கள் "வண்டி போகாது" என்று சொன்ன அதே மலையில், ஓர் ஆட்டு மேய்ப்பர் சொந்தச் செலவில் ஒரு புகலிடத்தை வைத்திருந்தார். விறகு, போர்வை, சுவர், கூரை: இந்த நான்கும் மூன்றாவது செக்பாயிண்டில் இருந்திருக்க வேண்டியவை. கால்நடையாகவோ கழுதை முதுகிலோ முந்தைய நாளே கொண்டுசேர்க்கக்கூடிய சுமைதான் அது.

மீட்பும் விசாரணையும்

நண்பகலை ஒட்டியே உதவி கேட்கும் செய்திகள் வரத் தொடங்கின. பிற்பகலில் போட்டி நிறுத்தப்பட்டது. முதலில் சிறு குழு சென்றது. நிலைமையின் அளவு தெரிந்த பிறகு 1200-க்கும் மேற்பட்டோர் தேடுதலில் இறங்கினார்கள். வெப்பம் உணரும் ட்ரோன்களும் பயன்பட்டன. இரவில் வெப்பநிலை மேலும் இறங்கியது. சரிந்த மண்ணும் செங்குத்தான பள்ளங்களும் தேடலைத் தாமதமாக்கின. மே 23 காலை 9.30 மணியளவில் கடைசி ஆளும் உயிரின்றிக் கண்டெடுக்கப்பட்டார். 151 பேர் பிழைத்தார்கள், அவர்களில் 8 பேருக்குக் காயம்.

ஜூன் மாதம் வெளியான மாகாண அரசின் விசாரணை முடிவு, பலத்த காற்று, மழை, வெப்பநிலை வீழ்ச்சி ஆகியவற்றோடு, தேர்ச்சியில்லாத ஏற்பாட்டையும் சேர்த்தே காரணம் என்றது. பொது அதிகாரிகள் 27 பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. நடத்திய நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். முறையான கண்காணிப்பு அமைப்பு இல்லாத ஆபத்தான விளையாட்டுகளை, மலை ஓட்டமும் பாலைவன ஓட்டமும் உட்பட, சீன விளையாட்டு நிர்வாகம் ஜூன் தொடக்கத்திலேயே நிறுத்திவைத்தது.

தண்டனை தேவைதான். ஆனால் இதே வகை மரணம் 13 ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு கண்டத்தில் நடந்திருந்தது. 2008 ஜூலையில், ஜெர்மனியின் மிக உயரமான சுக்ஷ்பிட்ஸ சிகரத்துக்கு ஏறும் ஓட்டத்தில் வானிலை மாறிப் பனி விழுந்தது. மெல்லிய உடையில் ஏறிய இரண்டு பேர் உச்சிக்கு அருகே குளிரிலும் களைப்பிலும் இறந்தார்கள். அங்கே நடத்தியவர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார். ஓட்டக்காரரின் சொந்தப் பொறுப்பு வலியுறுத்தப்பட்டது. ஒரு நாடு நடத்தியவரைத் தண்டித்தது, இன்னொரு நாடு விடுவித்தது. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், இரண்டு இடங்களிலும் மெல்லிய உடையோடுதான் பலர் அந்தக் குளிரில் சிக்கினார்கள்.

எதை மாற்ற வேண்டும்

நடத்துபவர்கள் முதலில் மாற்ற வேண்டியது, ஜாக்கெட்டைக் கட்டாயப் பட்டியலுக்குக் கொண்டுவந்து, புறப்படும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பது. இது வெயில் காலப் போட்டிக்கும் பொருந்தும். எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்பதைப் போட்டிக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். எந்தக் காற்று வேகத்தில் உயரமான பகுதி மூடப்படும், யார் அதைச் சொல்வார், மாற்றுப் பாதை எது என்பவை அதில் இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு, பரிசுத் தொகையும் விருந்தினர்களும் கேமராக்களும் காத்திருக்கும் மேடையில் நின்றுகொண்டு ஒருவர் அந்த முடிவைப் புதிதாக எடுப்பது மிகக் கடினம்.

போட்டியை நிறுத்தும் அதிகாரம் தலைமையகத்தில் மட்டும் இருக்கக் கூடாது. பெரிய ஏற்றத்துக்கு முந்தைய செக்பாயிண்டில் நிற்பவருக்கும் அது வேண்டும். கான்சுவில் அந்த இடம் இரண்டாவது செக்பாயிண்ட். மழையில் நனைந்து நடுங்கியபடி அங்கே வந்தவர்களைப் பார்த்த ஒருவர் "இதற்கு மேல் யாரும் ஏற வேண்டாம்" என்று சொல்ல முடிந்திருந்தால், பின்னால் வந்த பெரும் கூட்டம் அங்கேயே நின்றிருக்கும். முன்னே போனவர்களைத் தேடும் வேலையும் பல மணி நேரம் முன்பே தொடங்கியிருக்கும்.

ஓட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இதைவிடச் சிறியது. ஜாக்கெட்டை நனைந்த பிறகு அணிவதில் பயன் குறைவு. காற்று மாறும்போதே, கை இன்னும் ஜிப்பைத் திறக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே அணிய வேண்டும். கையுறையும் உலர்ந்த மேலாடை ஒன்றும் தண்ணீர் புகாத உறையில் இருக்கட்டும். விரல் உணர்விழந்தால் அதை அன்றைய பந்தயத்தின் முடிவாக எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஓடுபவர் உளறினாலோ தடுமாறினாலோ அவரை விட்டுப் போகாமல் இருவருமாக இறங்குங்கள். அவர் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்வார். அந்த நிலையில் அவர் சொல்லை ஏற்க வேண்டியதில்லை.

பெயர் கொடுக்கும் முன் நடத்துபவரிடம் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். பாதையில் வண்டி எட்டாத செக்பாயிண்டுகள் எவை, அங்கே ஒதுங்கக் கூரையும் நெருப்பும் இருக்கிறதா, அங்கே ஒருவர் விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் யார் வருவார்? தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் போட்டிக்குப் பணம் கட்டாதீர்கள்.